தேயிலை டப்பாவில் கப்பல் தொப்பி



கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன் டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

வாப்பா பலசரக்குக் கடை வைத்திருந்த காலத்தில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய லிப்டன் தேயிலை டப்பா இருக்கும். சில்லறை போட்டு வைக்கும் டப்பா. அதில் ஒரு வெள்ளைக்காரரின் படம். நரைத்த மீசை, புள்ளி போட்ட போ கழுத்துப்பட்டி, கையில் தேநீர்க் கோப்பை. தலையில் மட்டும் கப்பல்காரர் போடுகிற தொப்பி. மூடியில் துருப்பிடித்தும் படம் அழியவில்லை. கடை மூடிய பிறகு டப்பா என்னிடம் வந்தது. போன மாதம் தரம் 10 வரலாற்றுப் பாடத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு பையன் கேட்டான்: "சேர், இந்த ஆளு தேயிலைக்காரரா, கப்பக்காரரா?"

கேள்வி நன்றாக இருந்தது. நாம் மலையில் இருக்கிறவர்கள். இங்கிருந்து பார்த்தால் லிப்டன் ஒரு தோட்டத்துத் துரை. அப்புத்தளைக்குப் போனால் தம்பேதன்னை ஸ்டோரைக் காட்டுகிறார்கள், அதற்கு மேலே லிப்டன் சீட்டைக் காட்டுகிறார்கள், அங்கே உட்கார்ந்துதான் தன் தோட்டங்களைப் பார்த்தார் என்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறோம். ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்தக் காலத்துப் பத்திரிகை வாசித்தவனுக்கு அவர் வேறு ஆள். சொந்தமாக ஒரு நீராவி உல்லாசக் கப்பல் வைத்துக்கொண்டு, பிற நாட்டுக் கரையோரம் போய் நங்கூரம் போட்டு, விருந்து வைத்து, பாய்மரப் பந்தயம் விட்டவர். அந்தத் தொப்பி அதற்காகப் போட்டது.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

தோமஸ் லிப்டன் பிறந்தது 1848இல், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு பகுதியில். பெற்றோர் அயர்லாந்துக்காரர்கள். உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அயர்லாந்தில் இலட்சக்கணக்கான சனம் பட்டினியால் செத்த காலம் அது. அந்தப் பஞ்சக் காலத்தில்தான் பிழைப்புத் தேடிக் கடல் தாண்டி கிளாஸ்கோவுக்கு வந்தார்கள். அயர்லாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் நடுவில் கிடப்பது ஒடுக்கமான ஒரு கடல்தான். இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கிடப்பது போல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பையனுக்குப் பதினைந்து, பதினாறு வயதானபோது கப்பலின் மலிவான வகுப்பில் ஏறி அமெரிக்கா போனான். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம், தென் கரோலினாவில் நெல் தோட்டம், கடைசியில் நியூயோர்க்கில் ஒரு பெரிய கடை என்று வேலை பார்த்தான். திரும்பி வந்து 1871இல் கிளாஸ்கோவில் முதல் கடையைத் திறந்தான். பலசரக்குக் கடைதான். வெண்ணெய், முட்டை, பன்றியிறைச்சி, சீஸ். இராட்சத சீஸ் கட்டிகளை ஊர்வலம் விட்டு விளம்பரம் செய்கிற வேலையெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. கடைக்காரன் மகனான எனக்கு இந்தப் பகுதியை வாசிக்கும்போது பொறாமை வந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். வாப்பாவுக்குத் தெரிந்த ஒரே விளம்பரம், பெருநாளைக்கு முந்தின வாரம் கடைக்கு வெளியே பேரீச்சம்பழப் பெட்டியை அடுக்கி வைப்பதுதான்.

இருபது வருடத்துக்குள் பிரித்தானியா முழுவதும் நூற்றுக்கணக்கான கிளைகள். அப்போதுதான் அவர் கண் தேயிலையில் விழுந்தது. இலங்கையில் கோப்பிப் பயிரை 1869இலிருந்து இலை நோய் தின்றுகொண்டிருந்தது. தோட்டக்காரர்கள் முறிந்து போனார்கள், காணி மலிவாகக் கிடந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் போட்ட தேயிலை ஓடும் என்று தெரிந்துவிட்டது. 1890இல் லிப்டன் அவுஸ்திரேலியா போகிறேன் என்று வெளியில் சொல்லிவிட்டுக் கொழும்பில் இறங்கினார். அப்போது ரயில் நானுஓயா வரைதான். அப்புத்தளைக்கு ரயில் வந்தது 1893இல். அங்கே தம்பேதன்னை, லெமஸ்தோட்டை, மொனரகந்தை, புசல்லாவைப் பக்கத்தில் பூப்ரஸி என்று தோட்டம் தோட்டமாக வாங்கினார். மலை உச்சியிலிருந்து கொழுந்து மூட்டையை ஸ்டோருக்கு இறக்கக் கம்பி போட்டார். இடைத்தரகர் யாரும் வேண்டாம், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பதுதான் அவருடைய விளம்பரம். மற்றவர்கள் ஒரு இறாத்தல் தேயிலையை மூன்று ஷில்லிங் அளவில் விற்றபோது இவர் ஒரு ஷில்லிங் ஏழு பென்ஸுக்கு விற்றார். அங்கே கூலிக்காரன் வீட்டிலும் தேநீர் கொதித்தது. அது உண்மை, அதை மறுக்கக் கூடாது.

இனிக் கப்பலுக்கு வருவோம்.

1898 அவருக்கு நல்ல வருடம். முந்தின வருடம் விக்டோரியா மகாராணியின் வைர விழாவில் இலண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்கப் பணம் போதாமல் இருந்தபோது, 25,000 பவுணை ஒரே ஆளாகக் கொடுத்திருந்தார். 1898 தொடக்கத்தில் 'சேர்' பட்டம் வந்தது. (நீங்கள் என்னைக் கூப்பிடுகிற சேர் அல்ல.) அதே வருடம் வியாபாரத்தை 25 இலட்சம் பவுண் மூலதனத்துடன் பொதுக் கம்பனியாக மாற்றினார். பங்கு வாங்க சனம் அடித்துப் பிடித்து நின்றது. அதே வருடம்தான் கப்பலும்.

கிளாஸ்கோவுக்குக் கிட்ட உள்ள கிரீனொக்கில் 1896இல் கட்டிய கப்பல் அது. சிசிலித் தீவின் புளோரியோ என்ற பணக்காரக் குடும்பத்துக்காகக் கட்டியது. அப்போது அதன் பெயர் ஏகுசா. நீளம் 250 அடிக்கும் மேல். நம்முடைய ஒரு லயத்தை எடுத்துக் கடலில் விட்டால் அதைவிட நீளமாக இருக்கும். லிப்டன் அதை வாங்கி 'எரின்' என்று பெயர் மாற்றினார்.

எரின் என்றால் அயர்லாந்து. பாட்டிலும் கவிதையிலும் வருகிற பழைய பெயர். பந்தயம் விடுவதற்கு அவர் கட்டிய பாய்மரப் படகுகளுக்கு வைத்த பெயர் ஷாம்ரொக். அது அயர்லாந்தின் அடையாளமான மூவிலைச் செடி. ஒன்று இரண்டல்ல, ஐந்து ஷாம்ரொக்குகள்.

பந்தயத்தின் பெயர் அமெரிக்கா கிண்ணம். 1851இல் 'அமெரிக்கா' என்ற படகு இங்கிலாந்துக்கு வந்து, வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் வென்று தூக்கிக்கொண்டு போன கிண்ணம். அதற்குப் பிறகு யார் போய்ச் சவால் விட்டாலும் அமெரிக்கர்கள் விடவில்லை. அந்தக் காலத்தில் சவால் விடுகிறவர் தன் படகை வேறு கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடியாதிருந்தது. படகு தானே அத்திலாந்திக்கைத் தாண்டி வர வேண்டியிருந்தது. ஆகவே ஷாம்ரொக்கை மெல்லிசாக, வேகத்துக்காக மட்டும் கட்டவும் வழியிருக்கவில்லை. 1899இல் எரின்தான் ஷாம்ரொக்கைப் பல நாள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

நியூயோர்க் துறைமுக வாயிலில் சாண்டி ஹூக் என்ற மணல் திட்டு. பந்தயம் அதற்கு வெளியே. எரின் கரையோரம் நங்கூரம் போட்டு நிற்கும். நகரத்துப் பெரிய மனிதர்களும் பத்திரிகைக்காரர்களும் ஏறி இறங்குவார்கள். வந்தவர்களுக்கு என்ன கொடுத்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் கோப்பி குடிக்கிற சனத்துக்கு லிப்டன் தேயிலையை அறிமுகப்படுத்த அதைவிட நல்ல வழி இல்லை. பந்தயத்தில் தோற்ற மறுநாளும் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். (அந்த 1899 பந்தயச் செய்தியை மார்க்கோனி கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தியில் கரைக்கு அனுப்பினார். விஞ்ஞான ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.)

தோல்விக் கணக்கு இது. 1899இல் மூன்றுக்கு பூச்சியம். 1901இல் மூன்றுக்கு பூச்சியம். 1903இல் மூன்றுக்கு பூச்சியம். அந்த 1903 பந்தயத்தில் மூன்றாவது ஷாம்ரொக் பனிமூட்டத்தில் முடிவுக் கோட்டையே கண்டுபிடிக்க முடியாமல் திரிந்தது. நுவரெலியாவில் மாலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அந்த அவஸ்தை விளங்கும்.

1901இல் ஒத்திகை ஓட்டம் ஒன்றில் ஏழாம் எட்வர்ட் மன்னர் படகில் இருக்கும்போதே இரண்டாம் ஷாம்ரொக்கின் பாய்மரம் முறிந்து விழுந்தது. மன்னருக்கு ஒரு கீறலும் இல்லை, அது உலகச் செய்தியானது. 1903 ஏப்ரலில் மூன்றாம் ஷாம்ரொக்கின் மரம் முறிந்தபோது மாலுமி ஒருவர் இறந்தார். மன்னர் தப்பிய கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த மாலுமி பல புத்தகங்களில் ஒரு வரியோடு முடிந்து போகிறார்.

இவ்வளவு செய்தும் அவருடைய சொந்த நாட்டுப் பெரிய மனிதர்கள் அவரை மதித்தார்களா? ரோயல் யாட் ஸ்குவாட்ரன் என்பது பிரபுக்களின் படகுக் கழகம். அதில் கடைக்காரனுக்கு இடமில்லை. மன்னரே சிநேகிதராக இருந்தும் இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் அயர்லாந்தின் அல்ஸ்டர் கழகத்தின் பெயரில்தான் சவால் விட்டார். ஜெர்மன் சக்கரவர்த்தி வில்ஹெல்ம், தன் மாமா எட்வர்ட் மளிகைக்காரரோடு படகோட்டப் போய்விட்டார் என்று கிண்டலடித்ததாக ஒரு கதை உண்டு. கடைசியில் 1931இல் கழகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதே வருடம் ஒக்டோபர் 2ஆம் திகதி அவர் மௌத்தானார். பணம் எவ்வளவு இருந்தாலும் சில வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துக் காத்திருக்கத்தான் வேண்டும் போலும்.

1914இல் நாலாவது ஷாம்ரொக் எரினோடு கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே உலக யுத்தம் தொடங்கிவிட்டது. பந்தயம் நின்றது. எரினின் கடைசிக் காலம்தான் அதன் நல்ல காலம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1915இல் செர்பியாவில் டைபஸ் காய்ச்சல் சனத்தை வாரிக்கொண்டு போனபோது, செஞ்சிலுவை மருத்துவர்களையும் தாதிமாரையும் மருந்தையும் எரினில் ஏற்றி அனுப்பினார். தானும் போனார். பிறகு கடற்படை அதை எடுத்துப் பழைய பெயரையே வைத்தது. 1916 ஏப்ரல் 28ஆம் திகதி மால்டாவுக்குக் கிட்டக் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது.

1920இல் நாலாம் ஷாம்ரொக் இரண்டு ஓட்டங்களை வென்று முன்னால் நின்றது. இன்னும் ஒன்று வென்றிருந்தால் கிண்ணம் கையில். மூன்றையும் விட்டுவிட்டது. 1930இல் எண்பதைத் தாண்டிய வயதில் ஐந்தாவது ஷாம்ரொக்கோடு போய், நாலுக்கு பூச்சியம். அமெரிக்கச் சனத்துக்கே மனம் பொறுக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து ஒரு தங்கக் கிண்ணம் செய்து கொடுத்தார்கள், தோற்பதில் உலகத்திலேயே சிறந்தவர் என்று.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தபோது பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "அந்தக் கப்பல் எங்க காசா சேர்?"

சிரிப்பு நின்றது.

ஆம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். கைதட்டு கிடைத்திருக்கும். ஆனால் வரலாற்று ஆசிரியர் அப்படிச் சொல்லக் கூடாது. கடைகள்தான் அவரை முதலில் பணக்காரராக்கின. பங்கு வியாபாரம் அதைப் பெருக்கியது. தேயிலை வருவதற்கு முன்பே அவர் கோடீஸ்வரர். ஆனால் அவருடைய பெயர் உலகம் முழுக்க ஒரு பொட்டலத்தில் ஒட்டிக்கொண்டது தேயிலையால். அந்தத் தேயிலை அந்த விலைக்கு விற்றதற்குக் கொழுந்து பறித்த கைக்குக் கிடைத்த கூலியும் ஒரு காரணம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயித்தார்கள். அந்தச் சட்டம் வந்ததே பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு. ஐந்தாம் ஷாம்ரொக் நியூபோர்ட் கரையில் ஓடியது 1930இல். அடுத்த சில வருடத்துக்குள், உலகச் சந்தை விழுந்துவிட்டது என்று சொல்லி அந்த 54 சதத்தையும் குறைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதினேன். முடிவைப் பிள்ளைகள் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த பாடவேளையில் நம் கடல் பயணத்துக்கு வந்தோம்.

நம் முன்னோரும் பிற நாட்டுக் கரையோரம் கடலில் வந்தவர்கள்தான். தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் பக்கத்திலிருந்து வள்ளத்தில் மன்னார்க் கரைக்கு. அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்குக் கிட்டத்தட்ட 150 மைல் நடை. கங்காணி முன்னால், பிள்ளைகள் இடுப்பில். வாந்திபேதியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். என் வாப்பாவின் பாட்டனாரும் தொண்டிப் பக்கத்திலிருந்து இதே கடலால் வந்தவர்தான், தோட்டத்துக்கு அல்ல, கடை வைக்க. அதனால் அவர் நடந்த தூரம் குறைவு. அந்த வித்தியாசத்தை நான் மறப்பதில்லை.

1890களின் கடைசியில் இந்தியாவில் பிளேக் பரவியபோது அந்த வடபாதையை மூடினார்கள். பிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு. 1914இல் தலைமன்னார் ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்தன. மண்டபம் முகாமில் மருந்தடித்து, ஊசி போட்டு, எண்ணி அனுப்பினார்கள். 2023இல், வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதில் நம் ஊரிலிருந்து போனவர்களும் இருக்கிறீர்கள். கால் கொப்பளித்த கதையை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தமிழன் கட்டிய படகும் ஒரு வெள்ளைக்காரரின் சொந்த யாட்டாக ஓடியிருக்கிறது என்பதையும் சொன்னேன். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி. 32 அடிப் படகில் உலகம் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் அதை வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்தார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதைச் சுயெஸ் வழியாக, மத்தியதரைக் கடலைத் தாண்டி, அத்திலாந்திக்கையும் தாண்டி, 1938 ஓகஸ்டில் மசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையில் கொண்டுபோய் விட்டார்கள். அத்திலாந்திக்கைத் தாண்டுவது லிப்டனின் ஷாம்ரொக்குக்கு மட்டும் உரியதல்ல.

பிறகு வீட்டுவேலை ஒன்று கொடுத்தேன். லிப்டன் தன் பெற்றோர் பட்டினியில் விட்டு வந்த மண்ணின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார். உங்கள் வீட்டார் எந்தக் கப்பலில் வந்தார்கள், அதன் பெயர் என்ன என்று பாட்டி, தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

முப்பத்திரண்டு பிள்ளைகளில் முப்பத்தொரு பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை. 'ஆதிலட்சுமி' மூழ்கிப் போன கதையை இரண்டு பேர் கேட்டு வந்திருந்தார்கள். ஆனால் அது வராத கப்பல். வந்த கப்பலின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு பிள்ளை மட்டும் ஒரு பெயரோடு வந்தாள். பாட்டிக்கு எண்பதுக்கு மேல். வந்த கப்பல் அவருக்கும் தெரியாது, அவர் இங்கே லயத்தில் பிறந்தவர். தெரிந்தது போன கப்பல். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட பிறகு, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அதில் பாட்டியின் தம்பி ஒருவர். எழுபதுகளில் குடும்பத்தோடு போனார். ஹட்டன் ஸ்டேஷனில் சனம் கட்டிப்பிடித்து அழுத அழுகையால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தலைமன்னாரில் இறங்கிக் கப்பலேறி, இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்ததும் தம்பி ஒரு கடிதம் போட்டிருக்கிறார். கப்பலின் பெயர் அதில் இருந்ததாம்.

கரும்பலகையில் நான் எழுதிய 'எரின்' அழியாமல் இருந்தது. அந்தப் பிள்ளை சோக்கை வாங்கி அதற்குக் கீழே எழுதினாள்: இராமானுஜம்.

தம்பியிடமிருந்து பிறகு கடிதம் வந்ததா என்று கேட்டேன். இரண்டு வந்ததாம், சேர். அதற்குப் பிறகு இல்லையாம்.

உங்கள் வீட்டில் பழைய பாஸ்போர்ட், தகரச் சீட்டு, மண்டபம் முகாம் துண்டு, கடிதம் எது இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கப்பலின் பெயர் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை அதில் ஒரு பெயர்தான் இருக்கிறது.